கப்புச்சினோ: மூன்றில் ஒரு பங்குக் கணக்கு எவ்வளவு தூரம் சரி?

வைகைக்கரை எழுதியது:

பணி நிமித்தமாக மிலான் நகரில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. விடுதிக்கு எதிரே இருந்த சிறிய கடையில் காலையில் கப்புச்சினோ கேட்டேன். கனத்த பீங்கானில் செய்த ஒரு சின்னக் கோப்பை வந்தது. நுரை கோபுரமாக எழும்பி நிற்கவில்லை. சூடும் நாக்கைச் சுடும் அளவுக்கு இல்லை. வெளியூர்க்காரன் என்று ஆறியதைத் தந்துவிட்டார்களோ என்று பார்த்தால், பக்கத்தில் நின்று குடித்தவர்களுக்கும் அதுவேதான். அவர்கள் மூன்று நான்கு மடக்கில் முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

நம்மூர்க் கடைகளிலோ எஸ்பிரெசோ (இயந்திர அழுத்தத்தில் வடித்த திடமான காபி) ஒரு பங்கு, பால் ஒரு பங்கு, நுரை ஒரு பங்கு என்று சுவரில் படமே வரைந்து மாட்டியிருக்கிறார்கள்; பெரிய கோப்பையில், கரண்டியால் அள்ளிச் சாப்பிடும்படியான நுரையோடும் கோகோ தூளோடும் தருகிறார்கள். இவற்றில் எதைக் கப்புச்சினோ என்று கொள்வது? லாத்தே, ஃபிளாட் ஒயிட் என்று பட்டியலில் அடுத்தடுத்து வருவனவற்றிலிருந்து இது எந்த வகையில் வேறுபடுகிறது? அறிந்தவர்கள் சற்று விரிவாக விளக்க வேண்டுகிறேன்.

பலெர்மோவாசி எழுதியது:

ஐயா, நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். பல வருடங்களாக இத்தாலியில் கோப்பிக் கடையொன்றில் இயந்திரத்தின் பின்னால் நின்று வேலை செய்கிறேன். உங்களுக்குத் தந்தது ஆறிய கோப்பி அல்ல. கப்புச்சினோவின் இயல்பான சூடே அவ்வளவுதான்.

இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் என்ற அமைப்பு இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. 25 மில்லிலீற்றர் எஸ்பிரெசோவின் மீது, குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 5 பாகை செல்சியஸில் இருந்த 100 மில்லிலீற்றர் பாலை நீராவியால் 55 பாகையளவுக்குச் சூடாக்கி, 125 மில்லிலீற்றராகப் பெருக்கி ஊற்ற வேண்டும். கோப்பையின் கொள்ளளவு 150 முதல் 160 மில்லிலீற்றர். பாலில் 3.5 சதவீதக் கொழுப்பும் 3.2 சதவீதப் புரதமும் இருக்க வேண்டும். எஸ்பிரெசோ என்றால் ஏறத்தாழ 7 கிராம் தூளிலிருந்து, 9 பார் அழுத்தத்தில், 25 செக்கன்களை ஒட்டி வடிப்பது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிரம்பிய 150 மில்லிலீற்றரில் கோப்பி ஆறில் ஒரு பங்கு. பால் ஆறில் நான்கு பங்கு. நுரைப்பதால் கூடும் பருமன் ஆறில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்று என்ற படத்தை அப்படியே பின்பற்றினால் அதே கோப்பைக்கு 50 மில்லிலீற்றர் எஸ்பிரெசோ, அதாவது இரண்டு ஷாட் தேவைப்படும். பெரிய கோப்பையானால் நிலைமை இன்னும் மோசம்: 300 மில்லிலீற்றர் கோப்பையில் மூன்றில் ஒன்று எஸ்பிரெசோ என்றால் நான்கு ஷாட் ஊற்ற வேண்டும். அப்படி எந்தக் கடைக்காரரும் ஊற்றுவதில்லை. ஒன்றோ இரண்டோ ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பாலாலும் காற்றாலும் நிரப்புகிறார்கள். சுவரில் உள்ள படம் ஒன்று, கோப்பையில் உள்ளது வேறு.

சூடு குறைவதற்குக் காரணம் உண்டு. இங்கே கோப்பி என்பது மேடையருகே நின்று குடித்துவிட்டுப் போகும் பானம். மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலான கடைகளில் விலையும் கூடும். ஊதி ஆற்றிக்கொண்டிருக்க ஒருவருக்கும் நேரமில்லை. உங்களுக்குக் கூடுதல் சூடு வேண்டுமானால் 'பென் கால்தோ' என்று சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் தருவார்கள்.

சங்குப்பூ எழுதியது:

பால்வளத் தொழில்நுட்பம் படித்தவள் என்ற முறையில், அந்த 55 பாகைக்குப் பின்னால் நேரமின்மை மட்டும் இல்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தப் பானத்தின் தன்மையைத் தீர்மானிப்பதில் காபிக்கு இணையாகப் பாலின் வேதியியலும் நிற்கிறது.

எஸ்பிரெசோ இயந்திரத்தின் நீராவிக் குழல்முனை பாலின் மேற்பரப்பை உரசும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றைக் குமிழியாகப் பிடித்துவைப்பவை பாலின் புரதங்களான கேசீனும், பீட்டா லாக்டோகுளோபுலின் முதலான மோர்ப்புரதங்களும். புரத மூலக்கூறில் நீரோடு ஒட்டும் பகுதியும் நீரிலிருந்து விலகும் பகுதியும் சேர்ந்தே இருப்பதால், அது காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் போய்ப் படிந்து, ஒவ்வொரு குமிழியையும் மெல்லிய தோலாக மூடுகிறது. கொழுப்பின் பங்கு இருமுனைக் கத்தி. வாயில் வழவழப்பைத் தருவதும் அதுதான். பாதி உறைந்தும் பாதி உருகியும் இருக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் குமிழித் தோலைக் கிழிப்பதும் அதுதான். 40 பாகைக்கு மேல் கொழுப்பு முற்றிலும் உருகிவிடுவதால் இந்தத் தொல்லை அடங்கும். குளிர்ந்த பாலில் தொடங்க வேண்டும் என்று பாரிஸ்டாக்கள் (காபி தயாரிப்பவர்கள்) வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றை நுழைத்துச் சுழற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் நீளுவது இன்னொன்று.

70 பாகையைத் தாண்டினால் மோர்ப்புரதங்கள் கட்டவிழ்ந்து, அவற்றிலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளிப்பட்டு, காய்ச்சிய பாலின் வாடை எழும். நம் வீட்டு ஃபில்டர் காபியில் அந்த வாடை நமக்கு வேண்டியதே. அது இல்லாவிட்டால் காபி குடித்த நிறைவே இருக்காது. ஆனால் 25 மில்லி எஸ்பிரெசோவின் மணத்தை நம்பி நிற்கும் கோப்பையில் அது எல்லாவற்றையும் மூடிவிடும்.

சூடாக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் உடைந்து இனிப்பாக மாறுகிறது என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். 60 பாகையில், அரை நிமிடத்துக்குள், அப்படி எதுவும் உடைவதில்லை. லாக்டோஸ் முன்பே சர்க்கரைதான். குளிர்ந்த பாலைவிட வெதுவெதுப்பான பாலில் நாக்கு அந்த இனிப்பை நன்றாக உணர்கிறது, அவ்வளவே.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீராவி பாலுக்குள் தண்ணீராகக் குளிர்ந்துதான் தன் வெப்பத்தை இறக்குகிறது. 100 மில்லி பாலை 4 பாகையிலிருந்து 55 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 20 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் நீராவி, குளிர்ந்து நீராகி 55 பாகைக்கு இறங்குவதில், 2.4 கிலோஜூலைச் சற்றுத் தாண்டித் தருகிறது. ஆகவே எட்டு கிராமை ஒட்டிய தண்ணீர் பாலில் சேர்ந்தே தீரும். பலெர்மோவாசி குறிப்பிட்ட 25 மில்லி கூடுதல் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். மீதி பதினேழு மில்லியளவே காற்று. 'ஒரு பங்கு நுரை' என்று படம் போடுபவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பழைய_கணக்கு எழுதியது:

இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது. இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் 1998-இல் தோன்றியது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகம் கப்புச்சினோ குடித்துக்கொண்டிருந்தது. 1953-இல் லண்டனின் சோஹோ பகுதியில், ஃப்ரித் தெருவில், மோக்கா பார் என்ற கடையை நடிகை ஜீனா லொல்லொபிரிஜிதா திறந்துவைத்த நாள் முதல், காஜியா என்ற இத்தாலிய இயந்திரத்தில் வடித்து உயரமாக நுரை பூசிய காபியே ஆங்கிலேயர்களுக்குக் கப்புச்சினோ. ஒரு தலைமுறை முழுவதும் அதைக் குடித்துப் பழகியபின், ஒரு சங்கம் எழுதிவைத்த தாளைக் காட்டி, நீங்கள் குடித்தது கப்புச்சினோவே இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

மூன்றில் ஒன்று என்ற கணக்கையும் நான் முற்றிலும் தள்ளமாட்டேன். ஒரு ஷாட் காபியின் மீது பாலும் நுரையும் தமக்குள் சம அளவில் இருக்க வேண்டும் என்று அதை வாசித்துப் பாருங்கள்; பழைய பாணிக் கப்புச்சினோவை அது சரியாகவே விவரிக்கிறது. உலர்ந்த நுரை கோப்பைக்கு மூடியாக நின்று கீழே உள்ள காபியின் சூட்டைக் காக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசும் இடத்தில் அதற்கும் ஒரு பயன் உண்டு.

மேற்குமாடம் எழுதியது:

வரலாற்றை எடுத்துவிட்டதால், அதை இன்னும் சற்றுப் பின்னே கொண்டுபோகலாம். பழமையே அளவுகோல் என்றால், பழைய_கணக்கு அவர்கள் சொல்லும் நுரைக்கோபுரத்துக்கும் அந்தத் தகுதி கிடைக்காது.

ஹப்ஸ்பர்க் ஆட்சியின் வியன்னாவில் கப்புசீனர் என்ற காபி இருந்தது. காபியில் சிறிது பாலேடு கலந்து, கப்புச்சின் துறவிகளின் பழுப்பு அங்கியின் நிறம் வரும்வரை சேர்ப்பார்கள். அதில் நீராவியும் இல்லை, நுரையும் இல்லை. 1918 வரை ஆஸ்திரியாவின் துறைமுகமாக இருந்த திரியெஸ்தே நகரம் இந்த இரு உலகங்களுக்கும் நடுவில் உள்ளது. இன்றும் அங்கே 'காப்போ' என்று கேட்டால் சிறிய எஸ்பிரெசோ கோப்பையில் நுரைத்த பால் கலந்த காபி வரும், 'காப்போ இன் பி' என்றால் அதையே கண்ணாடிக் குவளையில் தருவார்கள். மற்ற ஊர்களில் கிடைக்கும் கப்புச்சினோ வேண்டுமானால் அங்கே 'கஃபே லாத்தே' என்று கேட்க வேண்டும்.

இணையத்தில் அடிக்கடி உலவும் இன்னொரு கதை, 1683-இல் வியன்னா முற்றுகை முறிந்தபின் மார்க்கோ தவியானோ என்ற கப்புச்சின் துறவி, துருக்கியர் விட்டுச்சென்ற காபி மூட்டைகளைக் கண்டு, கசப்புத் தீரப் பாலும் தேனும் கலந்து இந்தப் பானத்தை உருவாக்கினார் என்பது. துறவி வரலாற்று மனிதர்தான். 2003-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். காபிக் கதைக்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

இன்று நாம் குடிப்பதன் முன்னோடி இயந்திரத்தோடு வந்தது. 1901-இல் மிலான்காரர் லுயிஜி பெத்ஸேரா காப்புரிமை பெற்ற இயந்திரத்தை தெசிதேரியோ பவோனி வாங்கி, 1905 முதல் உற்பத்தி செய்தார். நீராவி அழுத்தத்தால் மட்டும் இயங்கிய அவற்றில் ஒன்றரை பாருக்கு மேல் அழுத்தம் எழவில்லை. காபி கருகிய சுவையுடன், மேலே கிரெமா என்ற பொன்னிற நுரைப்படலம் இல்லாமல் வடிந்தது. அக்கீலே காஜியா இரண்டாம் உலகப் போருக்குப் பின் விற்பனைக்குக் கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரங்கள்தான் சுருள்வில்லின் விசையால் 8, 9 பார் வரை அழுத்தம் தந்தன. பிறகு 1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் ஈ61, அந்த வேலையை மின்விசைப் பம்பிடம் ஒப்படைத்தது. (அந்த ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டி அந்தப் பெயர் வைத்தார்கள், காபி இயந்திரத்துக்குக் கிரகணத்தின் பெயர் வைக்கும் துணிச்சல் நமக்கு வராது!) ஆக, கிரெமா உள்ள எஸ்பிரெசோவின் மீது நீராவிப் பாலை ஊற்றும் கப்புச்சினோவுக்கு வயது எண்பதுகூட நிறையவில்லை.

பலெர்மோவாசி எழுதியது:

பழைய_கணக்கு ஐயாவின் ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. எந்த ஊரார் எதைக் கப்புச்சினோ என்று அழைக்கிறார்கள் என்பதில் எனக்கு வழக்கில்லை. இத்தாலிக்குள்ளேயே பால் குறைத்துக் கருமையாக, பால் கூட்டி வெளிறலாக, நுரையே இல்லாமல் என்று ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கேட்டு வாங்குகிறார்கள். என் வாதம் சுவையைப் பற்றியது. உலர்ந்த நுரை மூடிபோல் மிதக்கும் கோப்பையில் முதலில் வெறும் காற்று வாயில் படுகிறது, பின்னர் பால் கலந்த கோப்பி வருகிறது, கடைசியில் நுரை கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுகிறது. நன்றாகச் செய்த கப்புச்சினோவில், புளித்துப் பொங்கிய இட்லி மாவில் காற்று எங்கும் பரவியிருப்பதைப்போல், நுரை பாலின் உடலெங்கும் கலந்து நிற்கும்; முதல் மடக்கிலும் கடைசி மடக்கிலும் மூன்றும் சேர்ந்தே வரும்.

அதற்கான கைவேலையைச் சொல்கிறேன். உலோகச் சாடியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளிர்ந்த பாலை எடுங்கள். குழலுக்குள் தேங்கிய தண்ணீரை ஒருமுறை வெளியே ஊதிவிட்டு, முனையைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து ஒருபக்கமாக விலக்கி வைத்து, நீராவியை முழுமையாகத் திறவுங்கள். காகிதத்தை மெல்லக் கிழிப்பது போன்ற 'ஸ்ஸ்க், ஸ்ஸ்க்' ஓசை விட்டுவிட்டு வர வேண்டும். கடகடவென்று கொப்பளித்தால் முனை மிகவும் மேலே இருக்கிறது. கீச்சென்று அலறினால் மிகவும் ஆழத்தில் இருக்கிறது. சாடியின் குளிர் போய் அது உங்கள் உள்ளங்கையின் சூட்டுக்கு வந்ததும் காற்றை நுழைப்பதை நிறுத்திவிட வேண்டும். முனையை இன்னும் சிறிது இறக்கி, பால் சுழியாகச் சுற்றும்படி பிடியுங்கள். பெரிய குமிழிகள் அந்தச் சுழியில் சிக்கிச் சிதறிக் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகளாகும். சாடியைக் கையால் தொடர்ந்து பிடித்திருக்க முடியாத நிலை வந்தவுடன் நீராவியை மூடுங்கள். குழலை உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பால் அதில் கருகி ஒட்டும்.

பிறகு சாடியை மேடையில் ஒருமுறை தட்டி, மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள். மேற்பரப்பில் தனித்தனிக் குமிழி எதுவும் தெரியாமல் ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும். சுழற்றாமல் அரை நிமிடம் வைத்துவிட்டாலே நுரை மேலும் பால் கீழும் பிரிந்துவிடும். கரண்டியால் அள்ளிப் போடும் நுரை அங்கேதான் பிறக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

மிகவும் நன்றி. லாத்தே, ஃபிளாட் ஒயிட் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறதே.

மேற்குமாடம் எழுதியது:

அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் கோப்பையின் அளவும் நுரையின் தடிமனும்தான். 1980-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வளர்ந்த பாணியில் லாத்தே என்பது 240 மில்லியிலிருந்து 350 மில்லி வரையிலான குவளையில், ஒன்றோ இரண்டோ ஷாட்டின் மீது நிறையப் பாலும் மேலே மெல்லிய நுரையும் சேர்ந்தது; பால்தான் அதில் முதன்மை. ஃபிளாட் ஒயிட், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று இன்றும் சண்டையிட்டுக்கொள்ளும் பானம். கப்புச்சினோ அளவுள்ள கோப்பையிலேயே பெரும்பாலும் இரட்டை ஷாட் ஊற்றி, நுரையை அரை சென்டிமீட்டரை ஒட்டி அடக்கிவிடுவார்கள். காபியின் வீச்சு அதில் கூடுதல். மக்கியாத்தோ என்பது எஸ்பிரெசோவின் மீது ஒரு கரண்டியளவு நுரைப்பால். அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதே இல்லை.

அமெரிக்கத் தொடர்கடைகளில் 12 அவுன்ஸ் கோப்பையில், அதாவது ஏறத்தாழ 350 மில்லியில், ஒரு ஷாட் ஊற்றி அதையும் கப்புச்சினோ என்று தருகிறார்கள். நுரை எவ்வளவு தேர்ச்சியாக இருந்தாலும் அந்த அளவில் காபி மறைந்துதான் போகும். என்னைக் கேட்டால், நுரையைப் பற்றிய சண்டையை விடக் கோப்பையைப் பற்றிய சண்டையே போடத் தகுந்தது.

ஏலமலை எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. இந்தியக் காபியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலிதான். நம் நாட்டு விளைச்சலில் பெரும்பகுதி ரொபஸ்டா என்ற காபி வகை. நேபிள்ஸ் முதலான தென்னித்தாலியக் கலவைகளில் ரொபஸ்டா கணிசமாகச் சேரும். அது கிரெமாவைத் தடிப்பாகவும் நீடித்தும் நிறுத்தும். அதன் கசப்பு பாலோடு சேரும்போது அமுங்கிவிடும். திரியெஸ்தேயின் இல்லி போன்ற நிறுவனங்கள் மற்றொரு வகையான அரபிக்காவை மட்டுமே பயன்படுத்துகின்றன. அங்கே கப்புச்சினோ சற்று மென்மையாகவும் லேசான புளிப்போடும் இருக்கும். வைகைக்கரை அவர்கள் அடுத்த முறை தெற்கே போனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய_கணக்கு எழுதியது:

கோப்பை விஷயத்தில் மேற்குமாடத்தோடு உடன்படுகிறேன். 1950-களின் லண்டன் கோப்பைகள் இன்றைய காகித வாளிகள் அல்ல. நுரை விஷயத்தில் என் நிலை மாறவில்லை. மேலே கோகோ தூவுவதற்கு எனக்குத் தடித்த நுரை வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

என்னிடம் இயந்திரம் இல்லை; அடுப்பில் வைத்துக் காபி வடிக்கும் மோக்கா பாத்திரம் மட்டுமே இருக்கிறது. வீட்டில் வாங்குவது ஆவின் பால். இவற்றை வைத்துக்கொண்டு இதன் அருகிலாவது வர முடியுமா? எந்தப் பாக்கெட்டை எடுப்பது?

சங்குப்பூ எழுதியது:

பச்சைப் பாக்கெட்டில் 4.5 சதவீதமும், நீலத்தில் 3 சதவீதமும், ஆரஞ்சில் 6 சதவீதமும் கொழுப்பு. இந்த மூன்றில் இத்தாலிய வரையறையின் 3.5-க்கு நெருக்கமானது நீலம். வழவழப்பு கூடுதலாக வேண்டுமானால் பச்சை. ஆரஞ்சில் நுரை அவ்வளவு மென்மையாக வராது. பாக்கெட்டை அன்றே பயன்படுத்துங்கள். பழைய பாலில் கொழுப்பு சிதைந்து விடுபடும் கொழுப்பமிலங்கள் குமிழியை உடைத்துவிடும். கோப்பையருகே காதை வைத்தால் நுரை சரசரவென்று உடையும் ஓசை கேட்கும். வீட்டு வழக்கப்படி முதலில் காய்ச்சி, ஆடை படிந்து ஆறிய பாலை இதற்கு எடுக்க வேண்டாம். பதப்படுத்திய பால்தான் என்பதால், நேராகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கலாம். ஒருமுறை நுரைத்த பாலை மறுபடியும் சூடாக்கி நுரைக்க முயல்வதும் வீண்.

பலெர்மோவாசி எழுதியது:

மோக்காவில் வடிவது எஸ்பிரெசோ அல்ல. அதில் எழும் அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார் மட்டுமே, ஆகவே கிரெமா வராது. இருந்தாலும் பாலைத் தாங்கும் அளவுக்குக் கோப்பி திடமாக இருக்கும். எஸ்பிரெசோவைவிட நீர்த்தது என்பதால் 25 அல்ல, 40 மில்லிலீற்றர் வரை ஊற்றுங்கள். பாலை அடுப்பில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் ஆவி லேசாகக் கிளம்பும்போதே, கொதிக்கவிடாமல் இறக்குங்கள். அதைப் பிரெஞ்சு பிரஸ் குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறாமல் ஊற்றி, வடிகட்டித் தண்டை முதலில் மேற்பரப்பை ஒட்டி விரைவாகவும், பருமன் கூடியபின் அடிவரை மெதுவாகவும் ஏற்றி இறக்குங்கள். பிறகு தட்டி, சுழற்றி, பிரிவதற்கு முன் ஊற்றிவிட வேண்டும். கோப்பையை மட்டும் 160 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்காதீர்கள். முன்கூட்டியே வெந்நீர் ஊற்றி அதைச் சூடாக்கி வைத்தால், சூடு குறைகிறது என்ற உங்கள் குறையும் பாதி தீரும்.